ஃபார்மட் ஒரு வைத்தியமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் நண்பர்கள் எல்லோரும் முந்திக்கொண்டார்கள். ஒருவர் நட்பைப் பற்றி எழுதினார், ஒருவர் தாயைப் பற்றி, ஒருவர் வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றி. எனக்கு மிஞ்சியது டிஸ்க்தான். இதைப் பற்றியெல்லாமா எழுதுவது என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் லேபில் வாரத்துக்கு மூன்று முறையாவது கேட்கிற வசனம் ஒன்று இருக்கிறதே, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"சார், பென் டிரைவ் வரலை சார்!"

சார் திரும்பிப் பார்ப்பதற்குள் பின் வரிசையிலிருந்து பதில் வந்துவிடும். "ஃபார்மட் போடுடா, வந்துடும்!"

வந்துவிடும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உள்ளே இருந்த ரெக்கார்டு, புராஜெக்ட், போட்டோ எல்லாம் போன பிறகு வெறும் டிஸ்க் வந்து என்ன பிரயோஜனம்? காய்ச்சல் என்று வந்தவனைக் கொன்றுவிட்டு "இப்ப காய்ச்சல் இல்லை பாருங்க" என்று சொல்லும் வைத்தியம் இது.

என் கருத்தை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபார்மட் என்பது ரிப்பேர் அல்ல. டிஸ்க் தானாக வராதபோது, அது எந்தப் படியில் நின்றுவிட்டது என்று தேடிப் பார்ப்பதுதான் ரிப்பேர். அந்தத் தேடல் தெரியாதவன் டிப்ளமோ வாங்கலாம், டெக்னீஷியன் ஆக முடியாது.

"பெரிய ஆள் மாதிரி பேசுறியே, உனக்கு என்ன தகுதி?" என்று கேட்பீர்கள். அந்தத் தப்பைச் செய்தவன் நான். அதுதான் தகுதி.

நான் செய்த தப்பு

இரண்டாம் ஆண்டு லீவில் எங்க ஊர் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை ஒன்றுக்கு வேலைக்குப் போனேன். பக்கத்துத் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அதன் சொந்தக்காரரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, பால் காய்ச்சு, எந்த வீட்டு விசேஷமானாலும் கேமராவோடு அவர்தான் நிற்பார். பதினொரு வருஷப் படங்களை ஒரு பழைய டெஸ்க்டாப்பில் சேர்த்து வைத்திருந்தார். வருகிறவர்கள் கண்ட பென் டிரைவையும் சொருகுவதால் வைரஸுக்குப் பயந்து, அவருடைய மருமகன் அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். மெஷினை ஆன் செய்தால் 'படங்கள்' என்ற ஃபோல்டர் தயாராக இருக்கும். அண்ணாச்சிக்குத் தெரிந்த லினக்ஸ் அவ்வளவுதான். அவருக்கு அது போதும்.

டிஸ்க் நிறைந்துவிட்டது என்று புதிதாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். மாட்டிக் கொடுக்கப் போனவன் நான். மூடியைக் கழற்றினேன். மதர்போர்டில் காலியாக இருந்த ஒரு சாட்டா இணைப்பில் சொருகினேன். மூடினேன். "நாளைக்கு வந்து செட் பண்ணித் தரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கிக் கொடுத்த டீயையும் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போன்.

"தம்பி, ஃபோல்டர் திறக்கு. உள்ள ஒண்ணையும் காணல!"

ஓடினேன். உண்மைதான். ஃபோல்டர் இருக்கிறது, உள்ளே காலி. எனக்குக் கை கால் ஓடவில்லை. கடை அண்ணனோ சாமான் வாங்க வெளியூர் போயிருந்தார். நானே பெரிய மனுஷன் ஆகி முடிவெடுத்தேன். படம் இருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு வந்து, யூ.எஸ்.பி. டாக்கில் வைத்து, விண்டோஸ் மெஷினில் சொருகினேன். உடனே திரையில் ஒரு பெட்டி. இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா என்று கேட்டது.

இரண்டு வருஷமாக லேபில் கேட்ட குரல் காதில் ஒலித்தது. ஃபார்மட் போடு, வந்துடும். போட்டேன். சில விநாடிதான். டிஸ்க் வந்துவிட்டது. துடைத்து வைத்த பலகை மாதிரி வந்தது.

சாயங்காலம் வந்த அண்ணன் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "லினக்ஸ் டிஸ்க்கை விண்டோஸ்ல ஏன்டா சொருகின?" அப்போதுதான் எனக்குத் தலையில் இடி விழுந்தது. அண்ணாச்சியின் டிஸ்க் ஈ.எக்ஸ்.டி.4 என்ற லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. தனியாக ஏற்பாடு செய்யாவிட்டால் விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாத டிஸ்க்கை அது வெற்று டிஸ்க்காகப் பாவித்து 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்கிறது. தமிழ் தெரியாத ஒருவர் நம் நோட்டைப் பார்த்து, "ஒரே கிறுக்கலா இருக்கே, அழிச்சிடவா?" என்று கேட்பதும், நாம் "சரி" என்று தலையாட்டுவதும் போல!

அப்படியானால் முதலில் ஃபோல்டர் ஏன் காலியாக இருந்தது? டிஸ்க்கில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு ஒரே ஒரு வரியில் இருந்தது. அந்த வரியைப் புரிந்துகொள்ள, மவுண்ட் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். பாடம் நடத்துகிறேன் என்று நினைக்காதீர்கள், பத்து நிமிஷம் கூடவே வாருங்கள்.

ஹாஸ்டலுக்கு வரும் புது மாணவன்

விண்டோஸில் டிஸ்க்குக்கு ஒரு எழுத்து கொடுப்பார்கள்: சி, டி, ஈ என்று. யூனிக்ஸ் வழி வேறு. அங்கே எல்லா ஃபோல்டர்களும் ஒரே மரம். புதிய டிஸ்க் வந்தால் அந்த மரத்தின் ஏதாவது ஒரு கிளையில் அதை ஒட்ட வேண்டும். அதுதான் மவுண்ட். இது நேற்று முளைத்த சங்கதி அல்ல. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யூனிக்ஸ் முதல் கையேட்டிலேயே மவுண்ட் கட்டளை இருக்கிறது. அந்தக் காலத்தில் டிஸ்க் பேக்கையும் டேப் சுருளையும் ஆள் கையால் தூக்கி இயந்திரத்தில் மாட்டுவார். பிறகு கட்டளை கொடுப்பார். இன்று இரண்டு வேலையும் தானாக நடப்பதால், இடையில் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதே நமக்கு மறந்துவிட்டது.

யார் யார் வேலை செய்கிறார்கள்? நம் ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். புது மாணவன் ஒருவன் பெட்டியோடு வருகிறான்.

முதலில் அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வாசல் வரை வந்து சேர வேண்டும். இது கரண்ட்டும் கேபிளும்.

வாட்ச்மேன் பார்த்து, "ஒரு பையன் வந்திருக்கான்" என்று குரல் கொடுக்க வேண்டும். இது கெர்னல்.

ஆபீஸில் ரெஜிஸ்டரைத் திறந்து அவன் பெயர், பிரிவு, நம்பர் எழுத வேண்டும். இது 2003-இல் வந்த யூடெவ் என்ற புரோகிராம். டிஸ்க்கின் லேபிள் என்ன, எந்த முறையில் எழுதப்பட்டது, அதன் அடையாள எண் என்ன என்று குறித்து வைப்பது இதுதான்.

வார்டன் ரூம் ஒதுக்க வேண்டும். இது யூடிஸ்க்ஸ். பெரும்பாலும் மீடியா என்ற ஃபோல்டருக்குள் நம் பெயரில் ஒரு இடம் ஒதுக்கி அங்கே மவுண்ட் செய்யும்.

கடைசியாக, "சார், பையன் வந்திருக்கான், ரூம் கொடுங்க" என்று வார்டனிடம் போய்ச் சொல்லும் சீனியர் ஒருவர் வேண்டும். இது நாம் பார்க்கிற டெஸ்க்டாப். கேட்பது டெஸ்க்டாப், செய்வது யூடிஸ்க்ஸ்.

இந்த ஐந்து பேரில் ஒருவர் தூங்கினாலும் பையன் ரூமுக்கு வந்து சேர மாட்டான். அதற்காகப் பையனையே அடித்துத் துரத்துவது என்ன நியாயம்? யார் தூங்கினார் என்று பார்ப்பதுதானே முறை!

இரண்டு ஐந்தெழுத்துகள்

பார்ப்பது கஷ்டமா? இல்லவே இல்லை. டெர்மினலைத் திறந்து ஆங்கிலத்தில் எல், எஸ், பி, எல், கே என்று ஐந்தெழுத்து அடியுங்கள். அதனுடன் ஒரு கோடும் எஃப் என்ற எழுத்தும் சேருங்கள். மெஷினில் இருக்கும் அத்தனை டிஸ்க்கும், அதன் பகுதிகளும், எழுதப்பட்ட முறையும், எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்பதும் பட்டியலாக வந்துவிடும். உங்கள் டிஸ்க் பட்டியலில் இருந்து, மவுண்ட் இடம் மட்டும் காலியாக இருந்தால், வாட்ச்மேன் மேல் தப்பில்லை. கோளாறு பெரும்பாலும் வார்டன் பக்கமோ சீனியர் பக்கமோ இருக்கும். டிஸ்க்கை மெஷின் கண்டுகொண்டது என்று ஒரு பெருமூச்சு விடலாம்.

பட்டியலிலேயே இல்லையா? இன்னொரு ஐந்தெழுத்து இருக்கிறது: டி, எம், ஈ, எஸ், ஜி. கெர்னல் இதுவரை போட்ட கூச்சல் எல்லாம் அதில் வரும். சில மெஷினில் இதற்கு அட்மின் அனுமதி கேட்கும். பென் டிரைவைச் சொருகின பிறகு கடைசி வரிகளைப் பாருங்கள். புதிதாக ஒரு வரிகூட வரவில்லை என்றால் பையன் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. கேபிளை மாற்றுங்கள். முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டுப் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகுங்கள். முன்பக்கத்துக்கு உள்ளே ஒரு ஒயர் போகிறது. பழைய மெஷின்களில் அதுவே பாதி கோளாறுக்குக் காரணம். கையடக்க ஹார்ட் டிஸ்க் சுற்ற ஆரம்பித்து நின்று நின்று போகிறதா? கரண்ட் பற்றவில்லை. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. நீல நிறப் போர்ட்டில் போட்டதும் உயிர் வந்த டிஸ்க்குகளை நானே பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் ஃபார்மட் போட்டால் குணமாகுமா?

டிஸ்க் பட்டியலில் இருக்கிறது, கையால் மவுண்ட் கட்டளை கொடுத்தால் வந்துவிடுகிறது, தானாக மட்டும் வரமாட்டேன் என்கிறதா? அப்போது டெஸ்க்டாப் பக்கம் போங்கள். நோமில் ஆட்டோமவுண்ட் என்று ஒரு அமைப்பு உண்டு. யாராவது அணைத்து வைத்திருக்கலாம். எக்ஸ்.எஃப்.சி.ஈ. டெஸ்க்டாப்பில் துனார் வால்மேன் என்ற சின்ன புரோகிராம் இருக்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சீனியர் வேலைக்கு வருவதே நாம் லாகின் செய்த பிறகுதான். லாகின் திரையில் நின்றுகொண்டு "வரலை, வரலை" என்றால் எப்படி வரும்?

விண்டோஸிலும் இதே கதைதான். டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து பாருங்கள். டிஸ்க் அங்கே நன்றாகவே உட்கார்ந்திருக்கும், எழுத்து மட்டும் ஒதுக்கப்பட்டிருக்காது. ஒரு எழுத்து கொடுத்தால் வந்துவிடும், ஒரு ஃபைலும் போகாது. டிஸ்க்பார்ட்டில் ஆட்டோமவுண்ட் அணைக்கப்பட்டிருந்தால் அதையும் அங்கேயே எழுப்பலாம். ஆனால் எழுத்து கொடுத்ததும் 'ஃபார்மட் செய்யவா' என்ற பெட்டி வந்தால், 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டு, இது எந்த மெஷினில் எழுதிய டிஸ்க் என்று முதலில் கேளுங்கள்.

இரண்டு ஓ.எஸ். போட்டிருக்கும் மெஷின்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. நாம் ஷட் டவுன் கொடுத்தாலும் அது முழுதாக உறங்குவதில்லை, பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. பிறகு லினக்ஸுக்கு வந்தால், "இந்த டிஸ்க்கை வேறொருவர் பாதியில் விட்டிருக்கிறார், நான் கை வைக்க மாட்டேன்" என்று மவுண்ட் செய்ய மறுக்கும், அல்லது படிக்க மட்டும் விடும். இது கோளாறு அல்ல, பாதுகாப்பு. விண்டோஸுக்குத் திரும்பப் போய், ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து வாருங்கள். ரீஸ்டார்ட்டில் அது முழுதாக மூடும். தீர்ந்தது வேலை! இதற்கு ஃபார்மட் போட்டவர்கள் நம் ஹாஸ்டலிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன், மெஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவர்கள்.

ரோல் நம்பரும் பெஞ்ச் நம்பரும்

இப்போது அண்ணாச்சி மெஷினின் அந்த ஒரு வரிக்கு வருகிறேன்.

ஹாஸ்டலுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிற பென் டிரைவுக்குத்தான் மேலே சொன்ன வரவேற்பெல்லாம். மெஷினுக்குள்ளேயே குடியிருக்கும் டிஸ்க்குக்கு வேறு ஏற்பாடு. ஈடிசி ஃபோல்டரில் எஃப்எஸ்டேப் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு வரி, வரிக்கு ஆறு கட்டம். எந்த டிஸ்க், எங்கே ஒட்டுவது, எந்த முறையில் எழுதியது, என்னென்ன நிபந்தனை, கடைசியில் இரண்டு எண். மெஷின் எழும்போது இதைப் படித்து ஒவ்வொன்றாக மவுண்ட் செய்யும்.

அண்ணாச்சியின் மருமகன் அந்த முதல் கட்டத்தில் 'எஸ்டிபி1' என்று எழுதியிருந்தார். அதாவது இரண்டாவது டிஸ்க்கின் முதல் பகுதி. அன்றைக்கு அது சரிதான். ஆனால் எஸ்டிஏ, எஸ்டிபி என்பதெல்லாம் டிஸ்க்கின் பெயர் அல்ல. மெஷின் எந்த வரிசையில் கண்டுபிடித்ததோ அந்த வரிசை. பெஞ்சில் உட்காரும் இடம் மாதிரி. "முதல் பெஞ்சில் இரண்டாவது ஆள்" என்று வைத்து அட்டெண்டன்ஸ் எடுத்தால், நடுவில் ஒருவன் வந்து உட்கார்ந்த அன்றைக்கு எல்லாம் மாறிப்போகுமா இல்லையா? நான் மாட்டிய புது டிஸ்க் நடுவில் போய் உட்கார்ந்தது. அது எஸ்டிபி ஆனது. படம் இருந்த டிஸ்க் எஸ்டிசி ஆகி ஒரு இடம் தள்ளிப் போனது. புது டிஸ்க்கில் இன்னும் பகுதியே பிரிக்கவில்லை, ஆகவே எஸ்டிபி1 என்று ஒன்று கிடையாது. 'நோஃபெயில்' என்ற நிபந்தனையும் வரியில் இருந்ததால், "இல்லாவிட்டால் போகட்டும்" என்று மெஷின் பாட்டுக்கு எழுந்துவிட்டது. அந்த நிபந்தனை இல்லாதிருந்தால் டிஸ்க்குக்காக வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, அவசரகாலத் திரையில் போய் நின்றிருக்கும். 'படங்கள்' என்ற ஃபோல்டர் மட்டும் காலியாக இருந்தது. பையன் வராத ரூமைத் திறந்து பார்த்துவிட்டு, பையனே செத்துப் போனான் என்று நான் அழுதிருக்கிறேன்!

சரியான வழி என்ன? ரோல் நம்பர்தான். ஒவ்வொரு ஃபைல் சிஸ்டத்துக்கும் யூ.யூ.ஐ.டி. என்று ஒரு அடையாள எண் உண்டு. ஈ.எக்ஸ்.டி.4-க்கு அது 32 இலக்கம். எந்த போர்ட்டில் மாட்டினாலும், எத்தனை டிஸ்க் நடுவில் வந்தாலும் அது மாறாது. முன்பு சொன்ன முதல் ஐந்தெழுத்துப் பட்டியலிலேயே அந்த எண்ணும் வரும். 'எஸ்டிபி1' இருந்த இடத்தில் அதை எழுதிவிட்டு, 'மவுண்ட்' என்று அடித்து ஒரு கோடும் ஏ-யும் சேர்த்துக் கட்டளை கொடுத்தால், ரீஸ்டார்ட் செய்யாமலே சரியாக வருகிறதா என்று பார்த்துவிடலாம். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்துக்குப் பதிலாகத்தான் பதினொரு வருஷத்தை அழித்தேன்.

ஒரு எச்சரிக்கை. ஃபார்மட் போட்டால் இந்த ரோல் நம்பரும் மாறிவிடும். ஆக, 'வரவில்லை' என்று ஃபார்மட் போட்டவனுக்கு மறுபடியும் தானாக வராமல் போக இன்னொரு காரணம் இலவசம்!

எதிர்க்கட்சிக்குப் பதில்

"இந்த லினக்ஸ் எல்லாம் நமக்கு எதுக்குப்பா?" என்பார்கள் சிலர். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப வருஷங்களில் நம் அண்ணன் அக்காக்களுக்குக் கிடைத்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. வீட்டுக்குள் வந்ததைத் திறந்து பார்க்காமல் விட்டது யார் குற்றம்?

இன்னும் சிலர், "தானாக வருவதே ஆபத்து, ஆட்டோமவுண்ட்டை அணைத்துவிடு, வைரஸ் வரும்" என்பார்கள். இதில் பாதி நியாயம் உண்டு. விண்டோஸ் 95-இல் ஆட்டோரன் வந்தது. டிஸ்க்கைப் போட்டதும் உள்ளே இருக்கும் புரோகிராம் தானாக ஓடும். சி.டி. காலத்தில் அது வசதி, பென் டிரைவ் காலத்தில் அது வம்பு. 2008 கடைசியில் கிளம்பிய கான்ஃபிக்கர் இந்த வழியாகவும் உலகம் முழுக்கப் பரவியது. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய விண்டோஸ்களுக்கும் அப்டேட் கொடுத்து, பென் டிரைவில் ஆட்டோரன் ஓடுவதை நிறுத்தியது. ஆனால் டிஸ்க்கைத் தானாக மவுண்ட் செய்வது வேறு, அதிலுள்ளதைத் தானாக ஓட்டுவது வேறு. விருந்தாளிக்கு நாற்காலி போடுவதும் அவர் கையில் பீரோ சாவியைக் கொடுப்பதும் ஒன்றா? எல்லோரும் தொடும் மெஷினில் அணைத்து வையுங்கள், சரி. ஆனால் அணைக்கத் தெரிந்தவனுக்குக் கையால் மவுண்ட் செய்யவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃபார்மட் என்றாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. புது டிஸ்க்குக்கு வேண்டும். காப்பி எடுத்து முடித்த டிஸ்க்குக்குத் தாராளமாகப் போடலாம். அதேபோல், டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் நம் தேடலையும் உடனே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அது இன்னும் கெடும். அது தெரிந்தவர் கைக்குப் போக வேண்டிய நோயாளி. 'முடியாது' என்று சொல்லத் தெரிவதும் தொழில்தான்.

அண்ணாச்சி கடையில் நாலு ஞாயிறு

கடை அண்ணன் அன்று இரவே சொன்னார். "இனி அந்த டிஸ்க்கில ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது." நான் போட்டது குயிக் ஃபார்மட். அதனால் மேலே கொஞ்சம்தான் அழிந்திருந்தது. ஃபுல் ஃபார்மட் என்றால் விஸ்டாவுக்குப் பிறகு வந்த விண்டோஸ் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடும். எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் குயிக் ஃபார்மட்டிலேயே கதை முடிந்திருக்கலாம். போட்டோரெக் என்ற இலவசப் புரோகிராமைப் போட்டு, கிடைத்ததை எல்லாம் வேறொரு டிஸ்க்குக்கு எடுத்தார். இரண்டு நாள் ஓடியது.

படங்கள் வந்தன. ஆனால் பெயர் வரவில்லை. அந்தப் புரோகிராம் ஃபைலின் உள்ளடக்கத்தைப் பார்த்து மீட்கிறது. ஃபோல்டர் பெயரும் ஃபைல் பெயரும் அதற்குத் தெரியாது. யார் வீட்டுக் கல்யாணம், எந்த ஊர்க் காதுகுத்து என்று ஒன்றுமில்லாமல் ஆயிரக்கணக்கான முகங்கள், நம்பர் போட்டுக் குவிந்து கிடந்தன. வீடியோக்கள் பெரும்பாலும் போய்விட்டன. பெரிய ஃபைல்கள் டிஸ்க்கில் துண்டு துண்டாகக் கிடப்பதால் ஒட்ட முடியவில்லை.

ஒரே ஒரு பிடி இருந்தது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் எடுத்த தேதியை எழுதி வைக்கிறது. அண்ணாச்சியிடம் ஆர்டர் நோட்டுகள் இருந்தன. தேதியையும் நோட்டையும் வைத்துக்கொண்டு நாலு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்தே ஊர் சொல்லுவார், நான் ஃபோல்டர் போடுவேன்.

இரண்டாவது ஞாயிறு அவர் சொன்னதை மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

"கல்யாணப் படம் போச்சுன்னா சண்டை போடுவாங்க, காசைத் திருப்பிக் கொடுத்திரலாம் தம்பி. ஆனா வீட்டுல ஒரு ஆள் தவறிட்டா, மாலை போட்டு வைக்க ஒரு படம் இருக்கான்னு ராத்திரி பத்து மணிக்கு வந்து நிப்பாங்க. எந்தக் கல்யாணத்திலயோ ஒரு ஓரத்தில அந்த ஆச்சி சிரிச்சிட்டு உக்காந்திருக்கும். அதை வெட்டி எடுத்துப் பெருசு பண்ணிக் கொடுப்பேன். இனி வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. பெயர் போட முடியாமல் ஒரு ஃபோல்டர் நிறையப் படங்கள் அவரிடம் இன்னும் இருக்கின்றன. யாராவது வந்து கேட்டால் அதை முழுக்கத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்கிறார்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை

தோழர்களே! நாளை நாம் போய் நிற்கப்போவது இப்படிப்பட்ட மெஷின்களுக்கு முன்னால்தான். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில், கூட்டுறவுச் சங்கத்தில், ஸ்டுடியோவில். அங்கே இருப்பது டேட்டா என்று நமக்குத் தோன்றும். அவர்களுக்கு அது ஒருவருடைய கணக்கு, ஒருவருடைய ஸ்கேன், ஒருவருடைய அம்மா.

ஆகவே மாணவர் பேரவைக்கும் நம் பிரிவு ஆசிரியர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் நாலைந்தை லேபுக்குக் கொடுங்கள். ஒன்றில் எஃப்எஸ்டேப் வரி தப்பு, ஒன்றில் கேபிள் லூஸ், ஒன்றில் ஆட்டோமவுண்ட் அணைப்பு என்று வேண்டுமென்றே கோளாறு வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ரெக்கார்டு நோட்டில் காப்பி அடிக்க முடியாத எக்ஸ்பெரிமெண்ட் ஒன்றாவது இருக்கட்டும்!

இரண்டு, தானாக வராத எந்த டிஸ்க்கையும் முதலில் படிக்க மட்டும் மவுண்ட் செய்து, காப்பி எடுத்த பிறகே மற்ற வேலை என்பதை லேப் விதியாகவே வையுங்கள்.

மூன்று, லேப் சுவரில் ஒரு அட்டை மாட்டுங்கள். 'ஃபார்மட் போடுமுன் கேள்: பட்டியலில் இருக்கிறதா? எந்த மெஷினில் எழுதியது? காப்பி இருக்கிறதா?' அட்டைச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள் பெரியவர்கள். அடுத்த முறை "பென் டிரைவ் வரலை சார்" என்று யாராவது கூவினால், பின் வரிசையிலிருந்து "ஃபார்மட் போடு" என்ற குரலுக்குப் பதிலாக "பட்டியல்ல இருக்கா பாரு" என்ற குரல் வரட்டும். அந்தக் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல்